தொடாமல் நின்ற நிமிடங்கள்

பிரசவ அறையில் பரிசோதிக்கும்போது குழந்தையின் தலை விரல் நுனியில் தட்டுப்பட்டால் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும். கெட்டியாக இருக்கும். எலும்புகள் சேரும் கோடு விரலுக்குத் தெரியும். அந்தக் கெட்டி இல்லாமல் மெத்தென்று ஏதாவது பட்டால் வாய் உலர்ந்துவிடும், காதுக்குள் இரைச்சல் கேட்கும். வேலைக்கு வந்த புதிதில் இந்தப் பயம் எனக்கு இருந்ததில்லை. பதினோரு வருடம் பிரசவம் பார்த்த பிறகு, ஒரு காலை ஒன்பதரை மணிக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

மயிலாப்பூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். மாடியில் பன்னிரண்டு கட்டில், கீழே ஓ.பி. எங்கள் டாக்டர் மேடம் காலையும் மாலையும் வருவார். நடுவில் அடையாறில் அவருடைய சொந்த கிளினிக். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரை வெளியிலிருந்து கூப்பிட வேண்டும். நான் கே.கே. நகரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன்.

அன்று மேடம் இன்னும் வந்திருக்கவில்லை. ஜரிகை வேலை செய்யும் ஒரு குடும்பத்துப் பெண்ணை அவள் நாத்தனார் ஆட்டோவில் அழைத்து வந்தாள். வீட்டுக்குள் உருது பேசுகிறவர்கள். எங்களிடம் பேசும்போது எங்களைவிட நல்ல சென்னைத் தமிழ். மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் சுகப்பிரசவம் என்பதால் நான் அலட்சியமாகவே கையுறை மாட்டினேன். விரலில் பட்டது தலை இல்லை. புட்டம். வழக்கமாக முதலில் தலை வரும். இது உட்கார்ந்த நிலையில் இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இதை பிரீச் என்போம்.

பிரீச் என்று முன்கூட்டியே தெரிந்தால் தேதி குறித்து சிசேரியன் செய்துவிடுவார்கள். அதனால் படித்த காலத்தில் ஒரே ஒரு முறை, நாலு பேர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. நானாக ஒன்றும் செய்ததில்லை. போனில் மேடம், "தொடாதீங்க, பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்றார். நான் "சரி மேடம்" என்றேன்.

சரி என்று சொன்ன வாய் வேறு, கை வேறு. இடுப்பு வெளியே வந்தது. அடுத்த வலிக்கு உடம்பு பாதி வந்தது. அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது. நீலம் பாய்ந்த சின்ன முதுகு. மூச்சு விடாத ஒரு குழந்தை பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தேன்.

இழுத்தால் என்ன ஆகும் என்று இப்போது தெரியும். மார்போடு மடங்கியிருக்கும் கைகள் மேலே போய்த் தலையோடு மாட்டிக்கொள்ளும். அன்றைக்கு, வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். வந்தது. அழுதது. துடைத்துப் படுக்க வைத்தபோது இடது கை ஆடியது. வலது கை துணி மாதிரி கிடந்தது.

மேடம் வந்து பார்த்தார். குழந்தையின் கையைத் தூக்கி விட்டார். விழுந்தது. என் முகத்தைப் பார்க்காமலே, "இழுத்தீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா மேடம்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போய்க் கை கழுவினார். குழாய் நீண்ட நேரம் ஓடியது.

தோளில் நரம்பு இழுபட்டிருக்கிறது, பெரும்பாலும் சரியாகிவிடும், தினமும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அந்தக் குடும்பத்துக்கு மேடம்தான் விளக்கினார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஒன்றரை மாதம் கழித்துத் தடுப்பூசிக்கு அந்தப் பெண் குழந்தையோடு வந்த நாளில், மருந்து வைக்கும் அறைக்குள் போய் அட்டைப் பெட்டிகளை அடுக்குகிற மாதிரி நின்றேன். கதவிடுக்கில் அந்தச் சின்னக் கை தெரிந்தது. விரல்கள் அசைந்தன. முழங்கை மடங்கவில்லை.

அடுத்த மாதம் அவள் வந்தபோதும் ஒளிந்துகொள்ளத்தான் நினைத்தேன். படியிலேயே எதிரில் வந்துவிட்டாள். "அன்னைக்கு நான் பயந்துபோய் இழுத்துட்டேன்மா. அதனாலதான் இந்தக் கை..." என்றேன்.

அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "தெரியும் சிஸ்டர். கால்மாட்டுல நீதானே நின்னே. இத்தினி நாளா நீ வந்து சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. ஒரு வயதில் அந்தக் குழந்தை தோள் உயரம் வரை கையைத் தூக்கியது. இன்று பள்ளிக்கூடம் போகிறான். எழுதுவதெல்லாம் அந்தக் கையால்தான். ஆனால் சட்டை மாட்டும்போது வலது கையை முழுதாக மேலே தூக்க வராது என்று அவன் அம்மா சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் மாறிப்போனேன். பஸ்ஸில் நிறைமாதக்காரி யாராவது ஏறினால் என் கண் அவள் வயிற்றுக்குத்தான் போகும். மேலே உருண்டையாகத் தெரிகிறதே, அது தலையோ என்று யோசிப்பேன். ஒருநாள் தி.நகர் பஸ் நிலையத்தில் ஒரு பெண்ணிடம், "கடைசியா எப்போ ஸ்கேன் எடுத்தீங்க?" என்று கேட்டே விட்டேன். அவள் பயந்து கணவன் பின்னால் ஒதுங்கினாள். வீட்டில் கனவிலும் இழுத்துக்கொண்டே இருந்தேன். என் கணவர் கோடம்பாக்கத்தில் ஷூட்டிங்குக்கு லைட் போடும் வேலை பார்க்கிறவர். விடிகாலையில் கிளம்பும்போது, "பெட்ஷீட்ட இழுத்து இழுத்து கிழிச்சிடப் போற" என்பார். சிரிப்புக்குத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலையை விட்டுவிடலாமா என்று கூட இருந்தது. கடைசியில் ஒரு மதியம் மேடத்தின் அறைக்குப் போய், "எனக்கு பிரீச் பாக்கக் கத்துக்கணும்" என்றேன்.

அவர் பேனாவை மூடாமலே, "எதுக்கு? பிரீச்னா சிசேரியன். அதான் வழிமுறை. நாம கத்துக்கிட்டா தைரியம் வந்துடும், ரெஃபர் பண்ண வேண்டியதையும் இங்கயே வெச்சுப் பாப்போம். அது இன்னும் ஆபத்து" என்றார்.

"தெரிஞ்சா அனுப்பிடலாம் மேடம். நாம அவங்களப் பத்திப் பேசல. தெரியாம வந்து, மேஜையில படுத்த அப்புறம் தெரிய வருதே, அவங்கள எங்க அனுப்பறது?"

மேடம் பேனாவை மூடி வைத்தார். பிறகு, எனக்குக் கேட்க வேண்டாம் என்பது போன்ற தணிந்த குரலில் சொன்னார்: "நான் படிக்கும்போது ரெண்டு பாத்தேன். என் கையால செஞ்சதில்ல. அன்னைக்கு நான் இங்க இருந்திருந்தாலும் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல."

அதுவரை, அவர் வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அப்படிச் சொன்னதும் ஆறுதலாகவும் இருந்தது, இன்னும் பயமாகவும் இருந்தது.

அடுத்த மாதம் மேடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்தார். திரும்பி வரும்போது துணியில் தைத்த ஒரு பொம்மையும், இடுப்பெலும்பு மாதிரி ஒரு ரப்பர் வளையமும் கொண்டுவந்தார். ஓ.பி. முடிந்து வியாழக்கிழமை இரண்டரை மணிக்குப் பிரசவ அறையில் எல்லோரும் கூடினோம். மேடம், நான், என்னோடு பகல் ட்யூட்டி பார்க்கும் இன்னொரு நர்ஸ், ஆயாம்மா. ஒருத்தர் தாயாகப் படுப்பார். ஒருத்தர் பிரசவம் பார்ப்பார். ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தைச் சத்தமாகச் சொல்வார். ஆயாம்மா போன் செய்வாள். ஆம்புலன்சுக்கு, மேடத்துக்கு, மயக்க மருந்து டாக்டருக்கு, அந்த வரிசையில்.

முதல் பாடமே எனக்குக் கசந்தது. தொப்புள் வெளியே வரும் வரைக்கும் குழந்தையைத் தொடக்கூடாது. தாயின் வலியும் முக்கலும்தான் குழந்தையை இறக்க வேண்டும். முதுகு மேல்பக்கம் பார்த்திருக்கிறதா என்று மட்டும் கவனிக்க வேண்டும். கைகள் வரவில்லை என்றால், வயிற்றைப் பிடிக்காமல் இடுப்பெலும்பில் பிடித்து, இழுக்காமல், அரைவட்டம் திருப்ப வேண்டும். ஒரு கை கீழே இறங்கும். மறுபக்கம் திருப்பினால் இன்னொரு கை. பிடரி முடி தெரிந்த பிறகுதான் தலை.

"இழுக்கக் கூடாது" என்று மேடம் சொல்லும்போது யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே எனக்குத் தெரிந்தது.

என்னோடு வேலை செய்யும் நர்ஸுக்கு இது பிடிக்கவில்லை. "சாப்பாட்டு நேரத்துல பொம்ம வெளையாட்டு" என்று முணுமுணுப்பாள். நான் பொம்மையை வீட்டுக்கே எடுத்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமை கட்டில் ஓரத்தில் என் கணவர் தலையணை உறையை இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்க, நான் அதற்குள்ளிருந்து பொம்மையைத் திருப்பித் திருப்பி எடுப்பேன். ஒரு கட்டத்தில் அவரே, "முதுகு கீழ போவுது பாரு" என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

கர்ப்பிணிகள் பரிசோதனையிலும் ஒரு மாற்றம் செய்தோம். ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் ஒவ்வொரு வருகையிலும் வயிற்றைத் தடவி, தலை எங்கே என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். துளி சந்தேகம் வந்தாலும் உடனே ஸ்கேன். அப்படிக் கண்டுபிடித்துச் சிலரை நேரத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு நாள் நிம்மதி கிடைக்கும். மறுநாள் மறுபடி தொடங்கும், வராமல் போனவர்களைப் பற்றிய கவலை.

வராமல் போனவள் ஒரு மழை நாளில் வந்தாள்.

மூன்று நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் பாதிச் சாலையை அடைத்திருந்தார்கள். மீதியில் முழங்கால் தண்ணீர். மதியம் இரண்டு மணிக்கு மேல் சாந்தோம் கடற்கரைக் குப்பத்திலிருந்து ஓர் ஆட்டோ, வாசல் படி வரை ஏறி நின்றது. உள்ளே ஒரு பெண், அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவள் அம்மா. அம்மாக்காரி மீன் விற்கிறவள். கழுத்தில் சிலுவை, இடுப்பில் நனைந்த சுருக்குப்பை. ஆட்டோவிலேயே பனிக்குடம் உடைந்திருந்தது.

"போன வாரம் வரச்சொன்னீங்க, தண்ணி நின்னுகினு இருந்துச்சு, எப்டி வர்றது?" என்று நான் கேட்காத கேள்விக்கு அந்த அம்மா பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். "எட்டாம் மாசம் ஸ்கேன்ல தலை கீழதான் கீதுன்னாங்க."

எட்டாம் மாதத்தில் கீழே இருந்த தலை இப்போதும் கீழே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கையுறை மாட்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் நான் எல்லோரைப் பற்றியும் அப்படித்தான் நினைக்கிறேன், எனவே அதை நம்பவில்லை. பரிசோதித்தேன். மெத்தென்று இருந்தது. கையுறையில் கறுப்பாகக் குழந்தையின் மலம். கருப்பை வாய் முழுதும் திறந்திருந்தது.

"பிரீச்" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

பொம்மை விளையாட்டு என்று சொன்னவள்தான் முதலில் நகர்ந்தாள். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னாள், தாளில் எழுதினாள், குழந்தைக்குக் காற்று கொடுக்கும் பையையும் முகமூடியையும் எடுத்து வைத்தாள். ஆயாம்மா ஏற்கெனவே போனில் இருந்தாள். ஆம்புலன்ஸ் ராயப்பேட்டையில் தண்ணீருக்குள் நிற்கிறது, நாற்பது நிமிடமாவது ஆகும் என்றார்கள். மேடம் அடையாறிலிருந்து கிளம்பிவிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் கட்டையில் வைத்தோம். காரின் வைப்பர் சத்தம் அறைக்குள் கேட்டது.

"புட்டம் தெரியுதா?" என்று மேடம் கேட்டார்.

"வலி வரும்போது தெரியுது மேடம்."

"அப்போ அனுப்பறதப் பத்தி யோசிக்காதீங்க. நீங்கதான் பாக்கணும்."

கட்டிலின் விளிம்புக்கு அவளைக் கொண்டுவந்து கால்களை உயர்த்தி வைத்தோம். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டேன், நன்றாக இருந்தது. அம்மாக்காரி மகளின் தலைமாட்டில் நின்று அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். நான் கால்மாட்டில் நின்றேன்.

அடுத்த வலிக்குப் புட்டம் வந்து நின்றது. அதற்கடுத்த வலிக்கு இடுப்பு. கால்கள் மேல்நோக்கி மடங்கியிருந்தன; ஒவ்வொன்றாகத் தானாக விழுந்தன. பெண் குழந்தை. என் இரண்டு கைகளும் தாமாகவே முன்னால் போவதைப் பார்த்தேன். பொய்யாகச் சொல்லவில்லை, வேறு யாருடைய கைகளோ போல அவை போயின. அவற்றை இழுத்துக்கொண்டு வந்து மார்பில் கட்டிக்கொண்டேன். ஒவ்வொரு கையும் மற்றதை மணிக்கட்டில் பிடித்துக்கொண்டது.

"ஒரு நிமிஷம்" என்றாள் நேரம் பார்த்தவள்.

வலி நின்றிருந்தது. குழந்தை பாதியில் நின்றிருந்தது. அதே நீலம், அதே சின்ன முதுகு. வெளியே மழை. ஜன்னல் கட்டையில் போனிலிருந்து வைப்பர் சத்தம். யாரும் பேசவில்லை. ஒருவேளை நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேனோ, இந்தக் குழந்தைக்கு இப்போது இழுத்தால்தான் உயிரோ என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

"இன்னா சிஸ்டர்!" என்று அம்மாக்காரி கத்தினாள். "கொழந்த தொங்கிக்கினு கீது, நீ பாட்டுக்குக் கைய கட்டிக்கினு நிக்கிற? புடிச்சி இழு!"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

வலி வந்தது. "முக்கும்மா" என்று பக்கத்திலிருந்த நர்ஸ் சொன்னாள். தொப்புள் வெளியே வந்தது. கொடியைத் தொட்டேன், துடித்தது. முதுகு மேலே பார்த்திருந்தது. விலா தெரிந்தது. தோள்பட்டை எலும்பின் நுனிகள் தெரிந்தன. அதற்குமேல் வரவில்லை.

"ரெண்டு நிமிஷம்."

"கை வரல மேடம்" என்றேன்.

"இடுப்பெலும்புல புடிங்க. வெதுவெதுப்பா ஒரு துண்டு சுத்திக்குங்க. திருப்புங்க. இழுக்..."

"தெரியும் மேடம்."

துண்டு சுற்றி, கட்டை விரல்கள் இரண்டும் முதுகின் அடியில் படும்படி இடுப்பெலும்பில் பிடித்தேன். குழந்தையின் உடம்பு பொம்மையைவிட வழுக்கியது, பொம்மையைவிடச் சூடாக இருந்தது. அரைவட்டம் திருப்பினேன். ஒரு விரலை உள்ளே விட்டு முழங்கையைத் தேடினேன். கிடைத்தது. முகத்தைத் தடவிக்கொண்டு இறங்குகிற மாதிரி கை கீழே வந்தது. திரும்ப மறுபக்கம் திருப்பினேன். அந்தக் கை பின்னந்தலைக்குப் பின்னால் சிக்கியிருந்தது. முதல் முறை வரவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். "மூணு நிமிஷம்" என்று கேட்டது. முழங்கை விரலில் மாட்டியது. வந்தது.

பிறகு மறுபடி கையை விட வேண்டும். உடம்பின் எடையில் தலை தானாக இறங்க வேண்டும். அந்தச் சில நொடிகளைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. பிடரியில் ஈரமான முடி தெரிந்ததும், குழந்தையை என் முன்கையில் கிடத்தி, இரண்டு விரல்களைக் கன்ன எலும்பில் வைத்துத் தலையைக் குனிய வைத்தேன். என்னோடு இருந்தவள், நான் சொல்லாமலே, தாயின் அடிவயிற்றில் கை வைத்து அழுத்தினாள். முகவாய் வந்தது, வாய், மூக்கு, நெற்றி.

அழவில்லை.

கொடியை வெட்டி மேஜைக்குக் கொண்டுபோனோம். துடைத்தோம், முதுகைத் தேய்த்தோம். கை கால் தொளதொளவென்று கிடந்தன. முகமூடியை வைத்துக் காற்று கொடுத்தேன். மார்பு எழும்பியது. மறுபடி. மறுபடி. பின்னால் அந்தப் பெண், "யம்மா, இன்னாம்மா ஆச்சு, ஏன் கத்தல?" என்று தன் அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மாக்காரி பதிலுக்கு ஜெபம் செய்யத் தொடங்கியிருந்தாள். எத்தனை முறை பையை அழுத்தினேன் என்று எனக்கு நினைவில்லை; தாளில் எழுதியிருக்கிறது. குழந்தை முதலில் முகத்தைச் சுளித்தது. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பிறகு அழுகை.

நான் முதலில் பார்த்தது இரண்டு கைகளையும்தான். இரண்டும் ஆடின.

மேடம் படியேறி வரும்போது சுடிதாரில் முழங்கால் வரை சேற்றுத் தண்ணீர். காரை மந்தைவெளியில் விட்டுவிட்டு நடந்தே வந்திருந்தார். குழந்தையைத் தலை முதல் கால் வரை பார்த்தார். தாய்க்குத் தையல் போட்டார். என்னிடம், "போய் உட்காருங்க" என்று மட்டும் சொன்னார். மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். ஆயாம்மா டீ கொடுத்தாள். டம்ளரை அவளே பிடித்துக் குடிக்க வைத்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டாம் நாள் காலை பால் கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம் போய், "வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். நன்றி சொல்வாள் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?"

"சொல்லு."

"நீ கைய கட்டிக்கினு நின்ன பாரு, அப்போ உன்ன எட்டி உதைக்கணும் போல இருந்துச்சு. கொழந்த செத்துப்போச்சு, அதான் நீ ஒண்ணும் பண்ணாம நிக்கிறேன்னு நெனச்சிட்டேன். செத்த கொழந்தைக்காக ஏன் முக்கறதுன்னு ஒரு தபா நிறுத்திட்டேன், தெரியுமா? அந்த இன்னொரு சிஸ்டர் பக்கத்துல நின்னு முக்கு முக்குன்னு கத்தவும்தான் முக்கினேன்."

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"தொட்டா கொழந்தைக்கு ஆபத்து, அதான் தொடலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா, நான் பாட்டுக்கு முக்கியிருப்பேன்ல?"

மேடத்திடம் அப்படியே சொன்னேன். இத்தனை மாதப் பயிற்சியில் பொம்மையின் தாயாகப் படுத்தவர்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே எல்லாம் தெரியும். அதனால் அவர்களுக்கு எதையும் விளக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு பிரீச் பார்க்கும் முறையை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்த தாளை எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி எழுதினார்: தாயிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

பிரீச்சில் பிறந்த குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு சரியாக இருக்கிறதா என்று ஆறு வாரத்தில் ஸ்கேன் எடுப்பார்கள். அந்த ஆறு வாரமும் நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்தார்கள். சரியாக இருந்தது. பாட்டியானவள் ஒரு பை நிறைய நெத்திலி கொண்டுவந்து ஆயாம்மாவிடம் கொடுத்துவிட்டு, என்னிடம் வந்து, "அன்னிக்கு உன்ன ரொம்ப ஏசிட்டேன்" என்றாள். நான் "ஏசாம இருந்தாத்தான் ஆச்சரியம்" என்றேன்.

அதற்கடுத்த வியாழக்கிழமைப் பயிற்சியில் நான் தாயாகப் படுக்கிறேன் என்று சொன்னேன். அதற்கு முன் படுத்ததில்லை; எப்போதும் கால்மாட்டில் நிற்கவே ஆசைப்படுவேன். கட்டில் விளிம்பில் கால்களை உயர்த்திப் படுத்தேன். கூரையும் மின்விசிறியும் தெரிந்தன. என் சொந்த முழங்கால்களுக்கு அந்தப்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. பொம்மையை என் வயிற்றின் மேல் வைத்து வளையத்துக்குள் இறக்கினார்கள். சக நர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "ஒரு நிமிஷம்" என்றாள் ஆயாம்மா.

பயிற்சிதான் என்று தெரியும். பொம்மை என்று தெரியும். அப்படியும், அங்கே என்ன நடக்கிறது, ஏன் யாரும் பேசவில்லை என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

"ஏய், பேசுடி" என்றேன்.

அவள் திடுக்கிட்டு, தாளைப் பார்த்து, பிறகு தாளை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "கொழந்த நல்லா இருக்கும்மா. தானா வருது. தொட்டா அதுக்குக் கஷ்டம், அதான் நான் தொடல. நான் இங்கயேதான் இருக்கேன். அடுத்த வலி வந்ததும் நல்லா முக்குங்க."

நான் தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டேன்.